லாரி வராத காலை

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதல் நாள் நான் சாவியைக் கொடுப்பதில்லை, மேடம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்வேன். டயரில் காற்று இருக்கிறதா, அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா, பின்னால் ஏதாவது குழந்தை உட்கார்ந்து விளையாடுகிறதா என்று பார்க்கச் சொல்வேன். பலருக்கு எரிச்சலாக இருக்கும். ஓட்டத்தானே வந்தோம், இந்த அம்மா எதற்கு நம்மை ஊர்வலம் விடுகிறாள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். நான் கண்டுகொள்வதில்லை. என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்கள் யாரும் இதுவரை பெரிய விபத்தில் சிக்கியதில்லை. ஒருத்தியைத் தவிர.

இந்த அறை வசதியாகத்தான் இருக்கிறது. தேநீர் வாங்கிக் கொடுத்தீர்கள், சர்க்கரை போதுமா என்றும் கேட்டீர்கள். இத்தனை மரியாதை எதற்கென்று எனக்குப் புரிகிறது. எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு, அதை நானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான். மாணவர் கியரைத் தப்பாகப் போட்டால் உடனே திருத்தமாட்டேன். வண்டி குலுங்கி நிற்கும்வரை சும்மா இருப்பேன். ஆகவே உங்களை அலைக்கழிக்காமல் நானே சொல்லிவிடுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் அப்பா ஆரம்பித்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது நான் படிப்பை முடித்திருந்தேன். தம்பி அரைக்கால் சட்டையில் இருந்தான். ஸ்கூலை நான் எடுத்துக்கொண்டேன், அவனையும் எடுத்துக்கொண்டேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக் கழித்தேன். இதில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு பிள்ளையை வளர்க்கிறவளுக்கு இன்னொரு குடும்பம் எதற்கு?

பயிற்சிக் காரில் நான் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் நான் மிதித்துவிடுவேன். அதை வைத்து எங்கள் பகுதியில் எனக்கு 'ரெண்டாவது பிரேக்' என்று பெயர். என் காதில் விழாது என்று நினைத்துப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். என் வேலையே அதுதானே.

தம்பிக்கு என் வேகம் போதவில்லை. வளர்ந்ததும் ஒரு சின்ன ரேஸ் குழுவில் சேர்ந்தான். ரேஸ் ட்ராக்கில் ஓட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நானே சொன்னேன். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். ஓரத்தில் டயர்ச் சுவர், பக்கத்தில் ஆம்புலன்ஸ். எதிரே தயிர்ப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் குறுக்கே வரமாட்டார்கள். ஒரு பந்தயத்தில் வண்டி உருண்டு அவன் தோள்பட்டை விலகியது. அதைச் சரிசெய்ய வந்த பிசியோதெரபிஸ்ட்தான் பிறகு அவன் மனைவியானாள்.

எனக்கு முதல் நாளே அவள்மேல் சந்தேகம். தோள்பட்டை விலகிய மனிதனிடம் இனிமேல் இந்தப் பக்கமே போகாதே என்று சொல்ல வேண்டியவள், "இன்னும் கொஞ்ச நாள்ல தாராளமா ஓட்டலாம், பயப்படாதீங்க" என்றாள். அவன் பயப்படவே இல்லையே, எதற்கு அந்த வார்த்தை? அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கல்யாணம் முடிந்ததும் தம்பி கேட்டான் என்று அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். சொல்லத்தான் வேண்டும், நல்ல கை. ஸ்டீயரிங்கைப் பிடித்து நெரிக்கமாட்டாள். கண் தூரத்தில் இருக்கும். ஒரே ஒரு குறை, பிரேக்கைத் தாமதமாகத்தான் மிதிப்பாள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்து, அது நின்று, அதற்குப் பிறகுதான் அவள் கால் இறங்கும். பாடம் நடந்த நாட்களில் பல தடவை என் பக்கத்துப் பிரேக்தான் எங்களைக் காப்பாற்றியது. அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "நீங்க இருக்கீங்கல்ல அண்ணி" என்றாள்.

அந்தக் குறை அவளிடம் கடைசிவரை போகவில்லை. இது எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு அந்த ரேஸ் குழு கலைந்தது. பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாகத் தம்பிக்கு அவன் ஓட்டிய வண்டியையே கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஸ்கூல் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் இருக்கிறது. அதன் ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் எதிரெதிரே. அங்கே கொண்டுவந்து நிறுத்தினான். நீங்கள் அதை நொறுங்கிய பிறகுதான் பார்த்திருப்பீர்கள். முழுசாக இருந்தபோதும் அழகில்லை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உள்ளே மெத்தை கிடையாது, காற்றுப்பை கிடையாது. ஒற்றை இருக்கை, அதைச் சுற்றி இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. வாகனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சில நாட்களில் அதற்கு ஹாரன் வந்தது. கண்ணாடிகள் வந்தன. இண்டிகேட்டர் வந்தது. ஷெட்டுக்குள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவார்கள், என் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தால் "வச்சிட்டுப் போங்க அண்ணி" என்பாள். வைத்துவிட்டுப் போ என்றால் என்ன அர்த்தம், மேடம்? ஞாயிறு காலைகளில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் காணாமல் போனார்கள். அவன் சட்டையில் பெட்ரோல் வாடை. அவள் செருப்பில் எங்கள் தெருவில் இல்லாத செம்மண். கேட்டால் சும்மா நடந்துவிட்டு வந்தோம் என்றார்கள்.

ஒரு ஞாயிறு அவர்கள் வண்டியைத் தெருமுனைவரை சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு நான் பின்னாலேயே போனேன். பயிற்சிக் காரில், முன்னும் பின்னும் பெரிய சிவப்பு 'எல்' எழுத்தோடு, ஒரு ரேஸ் காரைத் துப்பறியப் போனேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. புறவழிச் சாலையில் ஏறியதும் அது கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டது. ஆனால் திரும்பி வரும்போது பார்த்தேன். பால் வண்டிகளுக்கும் நடைப்பயிற்சி போகும் பெரியவர்களுக்கும் நடுவே என் தம்பி வந்தான். ஒரு பேருந்து ஓட்டுநர் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஒதுங்கினார். அவர் கண்மட்டத்துக்கு வெகு கீழே அந்த வண்டி. மயிரிழையில் தப்பியது. இவனோ சிரித்துக்கொண்டு கையாட்டினான். சாலை வளைவில் அவள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது கேட்டேன்.

"ரோட்டுல ஓட்டறதுக்கு அந்த வண்டிக்கு அனுமதி இருக்கா?"

தம்பி தட்டைப் பார்த்தான். "எல்லாம் மாட்டியாச்சுக்கா. ஹாரன், லைட், கண்ணாடி."

"கண்ணாடி மாட்டினா அது குடும்ப வண்டி ஆயிடுமா? பம்பர் எங்க? புகை பரிசோதனை? நாளைக்கு யார் மேலயாவது ஏத்தினா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான், தெரியுமா?"

"அண்ணி, அவர் மெதுவாத்தான் ஓட்டறார்" என்றாள் அவள்.

"மெதுவா ஓட்டினா அதுதான் இன்னும் ஆபத்து" என்றேன். ரேஸ் வண்டியின் டயரும் பிரேக்கும் சூடேறினால்தான் வேலை செய்யும். சாலையில் மெதுவாகப் போனால் அவை சூடாகவே ஆகாது. வேகமாகப் போனால் சாலை தாங்காது. இதைத்தான் அவனுக்குப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் எழுந்து தண்ணீர் எடுத்து வந்து என் டம்ளரில் ஊற்றினாள். வாயை மூடு என்பதை இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது.

ஆகவே போக்குவரத்துப் போலீஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. எந்த நாள், எந்தச் சாலை, எந்த வளைவு என்று மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு தம்பியைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டியதற்காக அவனுடைய லைசென்ஸைச் சில மாதங்களுக்கு முடக்கினார்கள். வண்டியை இனி சாலையில் இறக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு பொறுப்புள்ள குடிமகள் செய்ய வேண்டியதைச் செய்தேன். நீங்களும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டீர்கள்.

சில நாட்கள் கழித்து அவள் என் அலுவலக அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"போன் பண்ணது நீங்கதானே அண்ணி?"

"என்ன போன்?"

"எனக்குக் கோபம் இல்ல. உண்மையா சொல்லப்போனா நீங்க செஞ்சது சரிதான். நானே அவர்கிட்ட சொல்லியிருக்கணும். ரோட்டுல வேணாம்னு." பிறகு, "ஆனா என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம். நான் உங்களுக்கு எதிரி இல்ல" என்றாள்.

எதிரி என்ற பேச்சை அதுவரை யாரும் எடுக்கவில்லை. அவளாகவே எடுத்தாள். அன்றிலிருந்து அவளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் சுமுகமாக நடந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. குசுகுசுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீட்டிலேயே இருந்தார்கள். மாடியில் மட்டும் எதையோ நகர்த்தும் சத்தம், அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம். கடைசியில் ஒரு நாள் தம்பியே சொன்னான். ரேஸ் ட்ராக் இருக்கும் ஊரில் அவளுக்கு ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. ட்ராக்கில் புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீடு பார்த்தாயிற்று.

"நீதான்கா சொன்ன, ட்ராக்ல ஓட்டினா ஆட்சேபம் இல்லன்னு" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வண்டிய இனிமே ரோட்டுல இறக்கவே மாட்டேன். லாரியில ஏத்தி அனுப்பறேன். வர்ற வாரம் அங்க புதுசா ஓட்டறவங்களுக்கு ஒரு போட்டி. இவ பேரக் குடுத்திருக்கு."

நல்லது என்றேன். வேறென்ன சொல்ல? சட்டப்படியும் சரி, பாதுகாப்பும் சரி. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

லாரிக்காரரும் நான் சொல்லிக் கொடுத்த ஆள்தான். வண்டிகளை ஏற்றிப்போகும் தட்டை லாரி வைத்திருப்பவர், ஒரு காலத்தில் என் மாணவர். தம்பி அவரிடம் பேசி நாள் குறித்தான்.

முந்தின நாள் மதியம் முழுக்க ஷெட்டில் வேலை நடந்தது. சமையலறையில் இருந்தால் எல்லாம் காதில் விழும். சாலைக்காக மாட்டியிருந்த கோடு போட்ட டயர்களைக் கழற்றிவிட்டு ட்ராக்குக்கான வழவழப்பான டயர்களை மாட்டினான். பிரேக் கட்டைகளையும் மாற்றினான். அவளுக்கு விளக்கிக்கொண்டே செய்தான்.

"இந்த டயர் சூடானா பிசின் மாதிரி ஒட்டிக்கும். குளிர்ந்து கிடந்தா சோப்புதான். ஈரம் பட்டா கேக்கவே வேணாம். பிரேக்கும் அப்படித்தான். முதல் ரெண்டு சுத்து மெதுவா போய், அடிக்கடி மிதிச்சு சூடேத்தணும்."

"நல்லவேளை லாரியில போறோம்" என்றாள் அவள்.

நான் பாத்திரங்களைத் துடைத்து வைத்தேன். ஜன்னலை மூடினேன். பிறகு லாரிக்காரருக்குப் போன் செய்து, நாளைக்கு வேண்டாம், நாள் மாறிவிட்டது, தம்பியே பிறகு கூப்பிடுவான் என்றேன். சரி டீச்சர் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மேடம், இந்த இடத்தில் நீங்கள் பேனாவை எடுத்தீர்கள். ஆகவே கவனமாகச் சொல்கிறேன். நான் அந்த வண்டியைத் தொடவில்லை. ஒரு திருகைக்கூடத் தளர்த்தவில்லை, எதையும் அறுக்கவில்லை. உங்கள் நிபுணர்கள் பார்த்திருப்பார்களே, ஒவ்வொரு பாகமும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு போன் செய்தேன். பயணம் ஒரு நாள் தள்ளிப்போனால் இன்னொரு நாள் அவன் என் கையால் சாப்பிடுவான் என்ற நினைப்பு. அன்று நான் என்னிடமே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை, முந்தின நாள் செய்தியில் சொன்ன மாதிரியே, வானம் மூடியிருந்தது. இருவரும் வாசலில் நின்று லாரிக்காகக் காத்திருந்தார்கள். தம்பி போன் போட்டுப் பார்த்தான், அவர் எடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, வேறு சவாரிக்குப் போயிருந்தாராம். மதியத்துக்குள் ட்ராக்கில் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டாவிட்டால் போட்டியில் இடம் போய்விடும். அவள் கை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"வேற லாரி பாக்கலாம்" என்றாள்.

"இப்ப உடனே எங்க கிடைக்கும்?" என்றேன் நான். "புறவழிச் சாலையில இறங்கினா கொஞ்ச தூரம்தானே. ஓட்டிட்டே போயிடலாம். நான் பின்னாலயே பயிற்சி வண்டியில விளக்கைப் போட்டுக்கிட்டு வர்றேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

தம்பி என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "நீயா சொல்ற?"

"இன்னைக்கு ஒரு நாள்தானே. உங்களுக்காகத்தான்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அக்கா மனம் இறங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பான். ஷெட்டைத் திறந்து, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் போய் அவன் கையைப் பிடித்தேன்.

"நீ இறங்கு. உனக்கு லைசென்ஸ் முடங்கியிருக்கு. பிடிச்சா இந்தத் தடவை ஜெயில்தான். அவ ஓட்டட்டும், அவகிட்ட லைசென்ஸ் இருக்கு."

"டயர் வேற மாத்தியிருக்குக்கா. அவளுக்கு இதுல ரோட்டுல ஓட்டிப் பழக்கமே இல்ல."

"என்கிட்ட கத்துக்கிட்டவ. ஓட்டுவா."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம் அந்தப் பார்வையில் என்னவோ இருந்தது. ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "சரி, நான் மெதுவா போறேன். வாங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். அதைப் போட்டால் பக்கத்தில் வருகிற வண்டி தெரியாது, போலீஸ்காரன் கண்ணையும் உறுத்தும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். இரண்டுமே உண்மை. கழற்றி என்னிடம் கொடுத்தாள். அதை என் வண்டியின் பின் இருக்கையில் வைத்தேன்.

தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான். வழக்கமாக நான் உட்காரும் இடம். நாங்கள் கிளம்பினோம். புறவழிச் சாலையில் ஏறும்போது தூறல் ஆரம்பித்தது. வெகுநாள் கழித்து வந்த தூறல். அப்படிப்பட்ட தூறலில் சாலையில் படிந்த எண்ணெயெல்லாம் மேலே மிதந்து வரும், கொட்டுகிற மழையைவிட இது மோசம் என்பது என் மூன்றாவது பாடம். தம்பி, "நிறுத்தச் சொல்லுக்கா, ஹாரன் அடி" என்றான். அடித்தேன். அந்த வண்டி போடுகிற இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

மொத்தக் காய்கறிச் சந்தைக்கு இறங்கும் சரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே நான்கு சாலைச் சந்திப்பு, சிக்னல். சிவப்பு விழுந்தது. அவளுக்கு முன்னால் ஒரு சிமெண்ட் கலவை லாரி நின்றது. அவள் மெதுவாகத்தான் போனாள், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் பிரேக்கைத் தாமதமாகத்தான் மிதித்தாள்.

தம்பி என் பக்கத்தில் இருந்தபடியே அவன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தான். முழு பலத்தோடு மிதித்தான். எங்கள் வண்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் மிதித்துக்கொண்டே இருந்தான். முன்னால் அவள் வண்டி டயர்ச் சத்தமே இல்லாமல், எச்சில் தட்டு கழுவும் தொட்டியில் நழுவுகிற மாதிரி, பக்கவாட்டில் நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

லாரியின் மூலையில் இடித்துச் சுழன்றும் கூண்டு நசுங்கவில்லை. அவள் தலை அதில் மோதியதுதான். ஹெல்மெட் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் தம்பியிடம் சொன்னாராம். டாக்டர்களுக்கு எதை யாரிடம் சொல்வது என்று தெரிவதில்லை.

தையற்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். சைக்கிளில் சாலையைக் கடந்துகொண்டிருந்தவர். அவருக்குப் பச்சை விளக்கு. ஓரமாகத்தான் போனார், இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தார். கேரியரில் தைத்து முடித்த துணிமூட்டை இருந்தது. நழுவி வந்த வண்டியின் பின்பக்கம் அவரை அடித்துத் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு பெண்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். உண்மையில் நான் அவரை யோசிக்கவே இல்லை. சாலையில் யாராவது இருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தினமும் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

சட்டம் தன் வேலையைச் செய்தது. வண்டியின் சொந்தக்காரன் என்று தம்பிமேல் வழக்குப் போட்டார்கள். அவன் மறுக்கவில்லை. தானே அவளை ஓட்டச் சொன்னதாக எழுதிக் கொடுத்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு லாரிக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர். தம்பி கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் மட்டும் அன்னைக்கு வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா நானே வந்திருப்பேனே தம்பி" என்று அழுதார். நான் அப்போது காபி டம்ளர்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை. டம்ளரையும் வாங்கவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டான். அவள் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவன் தரையில் உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். சாப்பிட வா என்று கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

எந்தப் பிரிவில் இது குற்றம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் யோசித்தேன். போன் செய்வது குற்றமில்லை. லைசென்ஸ் இல்லாதவனை இறக்கிவிடுவதும், ஹெல்மெட் கண்ணை மறைக்கும் என்று சொல்வதும் குற்றமில்லை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நான் எல்லா இடத்திலும் விதிப்படித்தான் நடந்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் பூசி மெழுகிக்கொண்டிருப்பது சரியில்லை. அந்த வண்டி சாலையில் போகிற நாட்கள் முடிந்துவிட்டன என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அது லாரியில் ஏறிப் போயிருக்கும். யாருக்கும் ஆபத்தில்லை. தையற்காரர் துணிகளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். சாலைக்கு ஆகாத வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நானே அதைச் சாலைக்கு அனுப்பினேன். குளிர்ந்த டயர், குளிர்ந்த பிரேக், ஈரச் சரிவு, தாமதமாக இறங்கும் ஒரு கால், இவ்வளவும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. அவளைக் கொன்றது நான்தான், மேடம். முந்தின நாள் ஜன்னலை மூடும்போதே எனக்கு அது தெரியும். அந்த ஒற்றை இருக்கையிலிருந்து தம்பியை இறக்க வேண்டும், அது ஒன்றுதான் என் கவலையாக இருந்தது.

இதற்கு மேல் மறைக்க எதுவும் இல்லை. என்னைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னதே என் தம்பிதான் என்று வந்ததும் சொன்னீர்கள். நான் அதிர்ந்துபோவேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்தீர்கள். எனக்கு வருத்தமே இல்லை. பாருங்கள், இவ்வளவு பெரிய கஷ்டத்திலும் அவன் வாயில் முதலில் வந்தது அக்கா பெயர்தான்.